வயல் சேற்றில் இருக்கும் கிருமியும் இரும்புக் கதவுக்குள் இருக்கும் கிருமியும்

கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பகுதி. நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே, நாங்கள் எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடும் மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒன்றைச் சொன்னார்: "தட்டைத் திறந்தால் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதே பிள்ளை." மணத்தை வைத்தே கிருமியின் பெயரைச் சொல்லும் ஆட்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஒரு கிருமி திராட்சைப் பழம் மாதிரி மணக்கும். இன்னொன்று மழை பெய்த மண் மாதிரி மணக்கும். அந்த மண் மணம் மூக்கில் ஏறினால் கிருமியும் கூடவே ஏறியிருக்கலாம். அக்காவின் பயம் அதுதான்.

அந்தக் கிருமிக்குப் பெயர் பேர்க்கோல்டேரியா சூடோமல்லேயி. அது தரும் வருத்தம் மெலியோய்டோசிஸ். இலங்கையின் மண்ணிலும் சேற்றிலும் இது இயல்பாகவே வாழ்கிறது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர், காலில் ஒரு சின்னக் கீறல், உடம்பில் சீனி வருத்தம். இவ்வளவு போதும். காய்ச்சலாகத் தொடங்கும், நியூமோனியா போல நெஞ்சில் இறங்கும், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக நிற்கும். சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைக்காவிட்டால் உயிரைக் கொண்டுபோகும்.

இதே கிருமி அமெரிக்காவில் எங்கே இருக்கிறது தெரியுமா? மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட கிருமிகளின் பட்டியலில், முதல் படியில். அந்த்ராக்ஸ், பிளேக், எபோலா, பெரியம்மை ஆகியவற்றுக்குப் பக்கத்தில். அங்கே பதிவு செய்யாத ஓர் ஆய்வுகூடம் இதைச் சேமித்து வைத்திருந்தால் சட்டப்படி குற்றம். யாராவது ஆயுதமாக்கிவிடலாம் என்ற கவலைதான் காரணம்.

வெள்ளவத்தையில் என் கூடப்பிறந்த அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். இதைச் சொன்னபோது உடனே கேட்டாள்: "சித்தி, அப்ப இதையெல்லாம் ஆமிக்காரர்தான் ஆராய்ச்சி செய்யினமா? ஆமிக்கு எதுக்குக் கிருமி?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைச் சரிப்படுத்திக்கொள்வோம். 'உயிரியல் பாதுகாப்பு' என்று தமிழில் பொதுவாகச் சொல்லுவதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆய்வுகூடத்தில் வேலை செய்பவருக்கும் அக்கம்பக்கத்தவருக்கும் கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்வது. கையுறை, முகமூடி, காற்றை வடிகட்டும் கெபினட், நான்கு நிலைகளாகப் பிரித்த ஆய்வுகூடங்கள் எல்லாம் இதில் அடங்கும். மற்றது, கிருமியை ஒருவர் வேண்டுமென்றே பரப்பினாலோ, இயற்கையாகவே ஒரு பெரிய கொள்ளைநோய் கிளம்பினாலோ, ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்த இரண்டாவதை நான் 'உயிரியல் தற்காப்பு' என்று எழுதுகிறேன்.

தற்காப்பில் வேலை மூன்று. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, வருமுன் தடுப்பது, வந்தபின் காப்பாற்றுவது. பரிசோதனை, தடுப்பூசி, மருந்து என்று சுருக்கிச் சொல்லலாம். கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டெங்குத் தடுப்பூசி சரியா பிழையா என்று பார்க்க வேண்டுமானால், டெங்கு உள்ள ஊரில் ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டு, யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று பார்க்கலாம். அந்த்ராக்ஸ் கிருமியைச் சுவாசித்தவருக்கான மருந்தை அப்படிச் சோதிக்க முடியுமா? ஒரு மனிதருக்கு வேண்டுமென்று அந்த்ராக்ஸ் கொடுப்பது கொலை. அதனால் 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒரு விதி கொண்டு வந்தது. இப்படிப்பட்ட நோய்களுக்கு மட்டும், மருந்து வேலை செய்கிறது என்பதை விலங்குகளிலும், அது மனிதருக்குப் பாதுகாப்பானது என்பதை மனிதர்களிலும் காட்டினால் போதும் என்பது விதி. 2012இல் லெவோஃப்ளொக்சசின் பிளேக்குக்கான மருந்தாக அனுமதி பெற்றது இந்த வழியில்தான்.

ஆயுதத்துக்கும் தற்காப்புக்கும் எங்கே கோடு? 1972இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1975இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுத உடன்படிக்கை அந்தக் கோட்டைப் போடுகிறது. அது கிருமிகளின் பட்டியல் போட்டு 'இதை வைத்திருக்காதே' என்று சொல்லவில்லை. எந்தக் கிருமியானாலும், நோயைத் தடுக்கவும் காக்கவும் சமாதானமான வேலைக்கும் தேவையான வகையும் அளவும் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்கிறது. அதாவது, கோடு போடப்படுவது கிருமியின் மேல் இல்லை. அதை வைத்திருப்பவரின் நோக்கத்தின் மேல். இலங்கையும் 1972இலேயே கையெழுத்திட்ட நாடு. நோக்கத்தை வெளியே இருந்து பார்ப்பது கடினம். ஒரு நாடு சொல்வதை நேரில் போய்ச் சரிபார்க்கும் ஏற்பாடு அந்த உடன்படிக்கையில் இன்றுவரை இல்லை. இந்தத் துறையின் பெரிய ஓட்டை அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, ஆமிக்கு ஏன் இந்த வேலை?

படைகள் நோயால்தான் அதிகம் செத்தன. 1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த போரில் குண்டடிபட்டு இறந்த அமெரிக்கச் சிப்பாய்களைவிட நெருப்புக் காய்ச்சல் போன்ற வருத்தங்களால் இறந்தவர்கள் பல மடங்கு. முகாமில் ஆயிரம் பேர் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கும் இடத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும். பழக்கமில்லாத நாட்டுக்குப் போகிற படை பழக்கமில்லாத கிருமியைச் சந்திக்கும். அதனால் படையோடு போன வைத்தியர்கள் காயத்துக்குக் கட்டுப் போட்டதோடு நிற்கவில்லை, கிருமியைத் தேடினார்கள்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த மலேரியாக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் அல்ஜீரியாவில் ஒரு சிப்பாயின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியை முதலில் பார்த்தவர் அல்போன்ஸ் லாவரான், பிரெஞ்சு இராணுவ வைத்தியர். 1897 ஓகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் நுளம்பின் வயிற்றுக்குள் அதைக் கண்டவர் ரொனால்ட் ரோஸ், இந்திய மருத்துவ சேவையின் இராணுவ வைத்தியர். இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்த இரண்டு இராணுவ வைத்தியர்களின் நுணுக்குக்காட்டியில் தொடங்கிய வழிதான் இங்கே வந்து சேர்ந்தது.

எங்கள் வயல்சேற்றுக் கிருமியைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான். 1911இல் ரங்கூன் பொது ஆஸ்பத்திரியில் இந்திய மருத்துவ சேவையின் கப்டன் அல்பிரட் விட்மோர் நோயியல் வைத்தியராக இருந்தார். அவரோடு வேலை செய்த உதவி வைத்தியர் கிருஷ்ணசாமி. பிணப் பரிசோதனை அறைக்கு வந்த ஏழை மனிதர்கள் பலரின் உடம்பில், நுரையீரலிலும் ஈரலிலும் வெண்ணெய்க் கட்டி போலச் சீழ் இருந்தது. பார்த்தால் குதிரைகளிடமிருந்து தொற்றும் கிளாண்டர்ஸ் என்ற நோயைப் போல. ஆனால் இந்த மனிதர்களுக்குக் குதிரையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கிளாண்டர்ஸ் கிருமி அசையாது; இது நுணுக்குக்காட்டியின் கீழ் நீந்தி ஓடியது. 'கிளாண்டர்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த உடலுக்குப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. இது வேறொன்று என்று 1912இல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நோய்க்கு இன்றைக்கும் 'விட்மோர் நோய்' என்று ஒரு பெயர் இருக்கிறது. கிருஷ்ணசாமியின் பெயர் அதில் ஒட்டவில்லை. எனக்கு அது எப்போதும் உறுத்தும். தட்டு வார்த்தவர், சாயம் போட்டவர், இரவில் இருந்து பார்த்தவர் யார் என்று ஓர் ஆய்வுகூடக்காரிக்குக் கேட்கத் தோன்றாதா?

ஓர் இராணுவ வைத்தியரின் வாழ்க்கைப் பாதை எப்படிப் போகும் என்று அக்காவின் மகள் கேட்டாள். பொதுவாக இப்படி: மருத்துவப் படிப்பு, பிறகு அதிகாரியாக நியமனம். சில நாடுகளில் படிக்கும்போதே படையில் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே இரத்மலானையில் தலைமையகத்தைக் கொண்ட கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவ பீடம் இருக்கிறது. முதல் சில வருடம் முகாம், கள ஆஸ்பத்திரி, காயக்காரர். அப்புறம் ஒரு துறையில் விசேட பயிற்சி. தொற்றுநோயையோ வைரஸ் ஆய்வையோ எடுத்தவர் ஆய்வுகூடத்துக்குப் போவார். மேஜர், லெப்டினன்ட் கேணல் என்று பதவி ஏறும்போது கையில் இருக்கும் வேலை மாறும். பிப்பெட் பிடித்த கை கோப்பில் கையெழுத்துப் போடத் தொடங்கும். ஒரு பகுதிக்குப் பொறுப்பு, பிறகு ஓர் ஆஸ்பத்திரிக்கு, பிறகு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. கேணல், ஜெனரல் என்று வந்தபிறகு முடிவு எடுப்பதுதான் முழுநேர வேலை.

இந்தப் பாதைக்கு நல்ல உதாரணம் பிலிப் ரசல். அமெரிக்க இராணுவ வைத்தியர், வைரஸ் ஆய்வாளர். பாங்கொக்கில் இருந்த இராணுவ ஆய்வுகூடத்தில் தாய்லாந்து ஆய்வாளர்களோடு வேலை செய்தார். ஒருவரின் இரத்தத்தில் டெங்கு வைரஸை முடக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று அளக்கும் ஒரு சோதனையை 1967இல் அவர்கள் வெளியிட்டார்கள். உயிருள்ள செல்களை ஒரு தட்டில் விரிப்பாக வளர்ப்பார்கள். நோயாளியின் இரத்த நீரையும் வைரஸையும் கலந்து அதன்மேல் ஊற்றுவார்கள். வைரஸ் தப்பிய இடத்தில் செல்கள் செத்து, விரிப்பில் சின்னச் சின்ன ஓட்டை தெரியும். ஓட்டை குறைந்தால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு எளிமையான யோசனை. டெங்குத் தடுப்பூசி செய்கிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள்.

அதே ரசல் பிறகு மேஜர் ஜெனரலாகி, அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ ஆராய்ச்சி முழுவதற்கும் தளபதியானார். 1989இல் வொஷிங்டனுக்குப் பக்கத்தில் ரெஸ்டன் என்ற ஊரில், பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவந்த குரங்குகள் வரிசையாகச் சாகத் தொடங்கின. மேரிலாந்தில் ஃபோர்ட் டெட்ரிக்கில் இருக்கும் இராணுவ தொற்றுநோய் நிறுவனத்தில் பார்த்தால் எபோலாவின் உறவுக்கார வைரஸ். முடிவு எடுக்கும் பொறுப்பு தளபதியிடம் வந்தது. ஊர் நடுவில் ஒரு கட்டடம், உள்ளே நூற்றுக்கணக்கான குரங்குகள், மனிதரைக் கொல்லுமா கொல்லாதா என்று யாருக்கும் தெரியாத ஒரு வைரஸ். இராணுவ வைத்தியர்களும் கால்நடை வைத்தியர்களும் பாதுகாப்பு உடையோடு உள்ளே போய்க் குரங்குகளை முடித்து இடத்தைச் சுத்தமாக்கினார்கள். நல்லவேளை, அந்த வகை மனிதரை நோயாளியாக்கவில்லை. தொற்றிய சிலருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, 2001இல் மறுபடி கூப்பிட்டு, பெரியம்மைத் தடுப்பூசிச் சேமிப்பைப் பெருக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். டெங்குத் தட்டில் ஓட்டை எண்ணிய கைதான் ஒரு நாட்டின் தடுப்பூசிக் கணக்கையும் பார்த்தது. ஆய்வுகூடம் தெரியாத ஒரு நிர்வாகி அந்த இடத்தில் இருந்திருந்தால் மற்றவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழி இருந்திருக்காது. மருத்துவத் தலைமையில் வேலை தெரிந்தவர் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்தப் பாதையில் ஒரு முள் உண்டு. இராணுவ வைத்தியர் இரண்டு சத்தியம் செய்தவர். ஒன்று நோயாளிக்கு, மற்றது படைக்கு. இரண்டும் ஒரே திசையில் போகும்வரை பிரச்சினை இல்லை. 1998இல் அமெரிக்கப் படையினர் எல்லாருக்கும் அந்த்ராக்ஸ் தடுப்பூசி கட்டாயமானது. மறுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. சுவாசத்தால் வரும் அந்த்ராக்ஸுக்கு அந்த ஊசி முறையாக அனுமதி பெறவில்லை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2004இல் நீதிமன்றம் கட்டாயத்தை நிறுத்தியது. 2005 கடைசியில் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதியைத் தெளிவாக்கிய பிறகே கட்டாயம் மறுபடி வந்தது. ஊசி நல்லதாகவே இருக்கலாம். 'போடு' என்று கட்டளையிடுபவரும் வைத்தியர், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையைக் காக்க வேண்டியவரும் வைத்தியர். ஒரே ஆள். அது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்மதம் கேட்பது இந்தத் துறைக்குப் புதிதில்லை. 1900இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சல் நுளம்பால் பரவுகிறதா என்று பார்த்த இராணுவக் குழுவின் தலைவர் மேஜர் வோல்டர் ரீட். கியூபா வைத்தியர் கார்லோஸ் பின்லே பல வருடத்துக்கு முன்பே சொல்லிவைத்ததை நிரூபிக்கும் வேலை. குழுவில் இருந்த வைத்தியர் ஜெஸி லாசியர் நுளம்பு கடித்து மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு பரிசோதனைக்கு வந்தவர்களிடம் ஆபத்தை எழுத்தில் சொல்லி, கையெழுத்து வாங்கினார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அந்தத் தாள் இருந்தது. பணமும் கொடுத்தார்கள்; இன்றைக்கு அதைக் கேள்வி கேட்போம். ஆனால் எழுதிக் கேட்டார்கள் என்பது பெரிய விஷயம்.

கேட்காமல் செய்தவர்களும் இருந்தார்கள். ஷிரோ இஷி ஜப்பானிய இராணுவ வைத்தியர். லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தவர். மஞ்சூரியாவில் ஹார்பினுக்குப் பக்கத்தில் 731ஆம் படைப்பிரிவு என்ற இடத்தை நடத்தினார். வெளியே சொன்ன பெயர் தொற்றுநோய்த் தடுப்பும் தண்ணீர் சுத்திகரிப்பும். உள்ளே கைதிகளுக்குப் பிளேக், கொலரா, அந்த்ராக்ஸ் ஏற்றி, உயிரோடு அறுத்துப் பார்த்தார்கள். அந்த மனிதர்களை 'மரக்கட்டைகள்' என்று அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். போர் முடிந்தபின், ஆய்வுக் குறிப்புகளைக் கொடுத்ததற்குப் பதிலாக அமெரிக்கா இஷியை வழக்கிலிருந்து தப்ப விட்டது. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நின்றுவிடுகிறது. அவரும் எங்களைப் போலத் தட்டு வார்த்து, கொலனி (தட்டில் புள்ளியாக முளைக்கும் கிருமிக் கூட்டம்) எண்ணி, திகதி எழுதி வைத்தவர்தான். முறையில் பிழை இல்லை. முதல் சத்தியத்தைத் தூக்கி எறிந்ததில்தான் பிழை.

பொய்யும் அதே அளவு ஆபத்து. 1979 ஏப்ரலில் சோவியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஓர் இராணுவக் கட்டடத்திலிருந்து அந்த்ராக்ஸ் காற்றில் தப்பியது. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட இறைச்சி சாப்பிட்டதால் வந்தது என்று அரசு சொன்னது. 1992இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் அன்றைக்கு ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று வரைபடத்தில் குறித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் காற்று வீசிய திசையில் ஒரே மெல்லிய கோட்டில் விழுந்தார்கள். இறைச்சி அப்படிக் கோடு போட்டுக் கொல்லாது.

சரி, வேண்டுமென்று பரப்பினால் எப்படித் தெரியும்? படங்களில் வருவது போல ஒரு கருவி சிவப்பு விளக்கு எரித்துச் சொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். 2001 ஒக்டோபரில் புளோரிடாவில் நடந்தது வேறு. காய்ச்சலும் தடுமாற்றமுமாக 63 வயது மனிதர் ஒருவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள். தொற்றுநோய் வைத்தியர் லாரி புஷ் அந்த நீரை நுணுக்குக்காட்டியில் தானே பார்த்தார். பெரிய நீலக் கோல்கள், சங்கிலி சங்கிலியாக. வழக்கமான மூளைக்காய்ச்சல் கிருமி அப்படி இருக்காது. 'இது அந்த்ராக்ஸாக இருக்கலாம்' என்று உடனே மேலே அறிவித்தார். தபாலில் பொடி அனுப்பிய அந்தச் சம்பவத்தில் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். அந்த ஓர் ஆள் குனிந்து பார்க்காமல் போயிருந்தால் எத்தனை நாள் பிந்தியிருக்குமோ.

இந்தக் கதையின் வால் கசப்பானது. பல வருட விசாரணைக்குப் பிறகு, அனுப்பியவர் ஃபோர்ட் டெட்ரிக்கில் அந்த்ராக்ஸ் தடுப்பூசியில் வேலை செய்த ஒரு விஞ்ஞானி என்று புலனாய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். வழக்கு நீதிமன்றம் போகுமுன் அவர் இறந்துவிட்டார். விஞ்ஞான ஆதாரத்தை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2011இல் அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் குழு எழுதியது. எது எப்படி இருந்தாலும், காவல் வைத்த இடத்தையே சந்தேகிக்க வேண்டி வந்தது. இன்றைக்கு அந்த நிறுவனங்களில் தட்டு ஒவ்வொன்றுக்கும் கணக்கு, கதவு ஒவ்வொன்றுக்கும் பதிவு என்று இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனிக் கொழும்புக்கு வருவோம். இங்கே விண்வெளி உடை போட்ட ஆய்வுகூடம் இல்லை. இருப்பது ஒரு படிவம். சந்தேகமான தொற்றுநோயைப் பார்த்த வைத்தியர் எச்-544 என்ற அறிவித்தல் படிவத்தை நிரப்பி, அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வீடு தேடிப் போவார், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார், பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பார். தகவல் தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவுக்குப் போய், ஒவ்வொரு கிழமையும் மாவட்ட வாரியாக எண்ணிக்கை வெளிவரும். 2017இல் டெங்கு 1,86,000 பேரைத் தாக்கியபோதும் ஏணி இதேதான். பிளேக்கும் கொலராவும் இதே ஏணியில்தான் ஏறும். யாரோ ஒருவர் நாளைக்கு வேண்டுமென்று ஒரு கிருமியை அவிழ்த்து விட்டாலும், முதலில் தெரிய வருவது இந்தப் படிவத்தில்தான். கிருமி எங்கிருந்து வந்தது என்று படிவத்துக்குத் தெரியாது. 'இங்கே ஏதோ வழக்கமில்லாதது' என்று மட்டும் சொல்லும். அது போதும்.

பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு கதை உண்டு. 1900இல் பக்டீரியா நிலையமாகத் தொடங்கிய இடம். அங்கே 1903 முதல் வேலை செய்த இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெலானி, ஊரில் 'பறங்கி' என்று சொல்லப்பட்ட தோல் நோயின் கிருமியை 1905இல் கண்டுபிடித்தார். ஏழைகளின் நோய், ஏழைகளுக்குப் பயன்பட்ட கண்டுபிடிப்பு. முப்பது வருடம் கழித்து, முசோலினியின் படை எதியோப்பியாவுக்குள் போனபோது அந்தப் படையின் மருத்துவ சேவைக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. அந்தப் போரில் இத்தாலி நச்சுவாயு வீசியது. பொரளையால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த ஒரு மனிதரின் இரண்டு பாதியும் எனக்கு நினைவு வரும்.

எங்கள் ஆட்களுக்கு 'ஆமி' என்ற சொல் வைத்தியத்தோடு சேராத சொல். என் வீட்டிலும் அப்படித்தான். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. 2020 பெப்ரவரியில் வுஹானிலிருந்து வந்த 33 மாணவர்களை தியத்தலாவ இராணுவ முகாமில் 14 நாள் வைத்துப் பார்த்து, நலமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நல்ல வேலை. இடமும் ஒழுங்கும் ஆளும் படையிடம் இருந்தது. அதே 2020இல், கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. 2021 பெப்ரவரி வரை அது தொடர்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த மாதங்களில் கொழும்பில் தமிழ் பேசும் எத்தனையோ வீடுகளில் புதைக்க உடல்கூட இல்லாமல் அழுதார்கள். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி விஞ்ஞானத்தைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கட்டளையிடும் இடத்தில் இருக்கும் வைத்தியர், யூனிபோம் போட்டவரோ போடாதவரோ, 'இதற்கு ஆதாரம் இல்லை' என்று சொல்லும் ஆளாக இருக்க வேண்டும்.

மெலியோய்டோசிஸ் இலங்கையில் 1927இலேயே எழுதப்பட்ட நோய். ஓர் ஐரோப்பியருக்கு வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டு பெரிதாகப் பேச்சில்லை. நோய் போகவில்லை, தேடவில்லை. கொழும்பு, கின்சி வீதி மருத்துவ பீடத்தில் நுண்ணுயிரியலாளர் எனோகா கொரேயாவும் கூட்டாளிகளும் தீவு முழுவதிலிருந்தும் சந்தேகமான தட்டுகளை வரவழைத்து உறுதி செய்யத் தொடங்கியபின், எண்ணிக்கை ஏறியது. வயல்காரர், சாரதி, வீட்டில் இருக்கும் அம்மா என்று எல்லாரிடமும் இருந்தது. கிருமி உடம்பில் பதுங்கிப் பல வருடம் கழித்தும் எழும்பும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடத்துக்குப் பிறகு வந்ததாகப் பதிவு இருக்கிறது.

தட்டில் இதை எப்படிப் பிடிப்பது? முதல் நாள் சின்னப் புள்ளிகள்தான், எதையும் போல இருக்கும். 'ஏதோ தண்ணீர்க் கிருமி, சாம்பிள் எடுக்கும்போது ஒட்டியது' என்று எறிந்துவிட ஆசை வரும். சாயம் போட்டால் இரு முனையும் மட்டும் நிறம் ஏறி, சேப்டி பின் மாதிரித் தெரியும். ஒக்சிடேஸ் என்ற சோதனைத் தாளில் தேய்த்தால் சில வினாடியில் ஊதா. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் தட்டில், ஜென்டமைசின், கொலிஸ்டின் என்ற கிருமிகொல்லி மருந்துகள் வைத்த இடத்தில் புல் போல முளைத்திருக்கும். கோ-அமொக்சிக்ளாவ் வைத்த இடத்தில் மட்டும் சுத்தமான வட்டம். இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் நிற்க வேண்டும். இரண்டாம் நாள் கொலனிகள் காய்ந்து, சுருங்கி, பழைய தோல் மாதிரி ஆகும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு தட்டு என் முன்னால் இருந்தது. மேசையில் திறந்து பார்த்ததை மூடி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டி, கெபினட்டுக்குள் வைத்தேன். மைக்ரோபயோலொஜி டொக்டருக்குச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு என் கையிலிருந்தே போனை வாங்கி வார்டுக்கு எடுத்தார்.

"பேஷன்டுக்குச் சீனி இருக்கா?"

இருந்தது.

"வயல் வேலையா?"

அதுவும்.

கொடுத்துக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தி மெரோபெனம் தொடங்கச் சொன்னார். குறைந்தது இரண்டு கிழமை ஊசி, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள் என்றார். நான் லேபிளில் திகதி எழுதினேன். பெட்டி கட்டி, மத்தியானத்துக்கு முன்பு கின்சி வீதிக்கு அனுப்பினோம்.